கதவைச் சாத்தும் உரிமை: சமூக ஊடகங்களில் நாம் காட்டும் முகங்கள்



சமூக ஊடகம் பற்றிப் பேச ஒருவரை அழைத்தால், அவர் கண்டிப்பார் என்றே அவையினர் எதிர்பார்ப்பார்கள். நேரில் ஒரு முகம், இன்ஸ்டாகிராமில் ஒரு முகம், எல்லாரும் வேஷம் போடுகிறார்கள் என்ற குறை நம் வீடுகளிலும் மேடைகளிலும் ஓயாமல் ஒலிக்கிறது. இன்று நான் எதிர்ப்பக்கம் நின்று பேச வந்திருக்கிறேன். இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் வேறு விதமாகத் தம்மைக் காட்டிக்கொள்வதைப் பொய் என்று நான் கருதவில்லை. மரியாதை, பாதுகாப்பு, ஆசை எல்லாவற்றையும் மனிதர்கள் அப்படித்தான் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். எந்த முகத்தை யாருக்குக் காட்டுவது என்று முடிவுசெய்யும் உரிமை யாரிடம் இருக்கிறது, யாரிடமிருந்து பறிபோகிறது என்பதே என் கவலை.

ஐடி நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். லிங்க்ட்இன்னில் கோட் அணிந்த படம், பதவி உயர்வுக்கு நன்றி சொல்லும் ஆங்கிலப் பத்தி. வாட்ஸ்அப் டிபியில் மகளின் சிரிப்பு. முகநூலில் ஊர்க் கோயில் கொடை, தாத்தாவின் எண்பதாம் கல்யாணம், மாமாக்களும் அத்தைகளும் போட்ட வாழ்த்துகள். இன்ஸ்டாகிராம் கணக்கு பூட்டியிருக்கிறது. கல்லூரித் தோழிகள் மட்டும் உள்ளே. எக்ஸ் தளத்தில் பெயரும் இல்லை, படமும் இல்லை. அங்கேதான் அவர் அரசியல் பேசுகிறார். இவற்றில் எது அவர் என்று கேட்டால், ஐந்தும் அவர்தான். அரசியல் பதிவை மேலாளர் பார்த்தால் வேலைக்கு ஆபத்து வரலாம். தோழிகளோடு கடற்கரையில் எடுத்த படத்தை மாமனார் பார்த்தால் வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை நின்றுபோகலாம். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. தம்மைச் சுற்றியுள்ளவர்களின் பார்வைகளை நன்றாக அறிந்துவைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய நூல் இன்றும் கைகொடுக்கிறது. எர்விங் கோஃப்மன் கனடாவில் பிறந்த சமூகவியலாளர். 1949 முதல் 1951 வரை, ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுகளில் தங்கிக் களப்பணி செய்தார். அன்றாட வாழ்வில் மனிதர்கள் தம்மை எப்படி முன்வைக்கிறார்கள் என்று ஆராயும் அவருடைய நூல் 1956இல் எடின்பரோவிலும், விரிவாக்கப்பட்டு 1959இல் அமெரிக்காவிலும் வெளிவந்தது. அந்தத் தீவில் ஒரு சிறிய விடுதி. நடத்தியவர்களும் உள்ளூர் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள், வேலை செய்தவர்களும் உள்ளூர்ப் பெண்கள். அடுக்களையில் அவர்கள் தீவின் வழக்கப்படி உண்டார்கள், பேசினார்கள். வெளியூர் விருந்தினர் அமரும் கூடத்தில் பிரிட்டிஷ் நடுத்தர வர்க்கத்தின் நாகரிகப்படி நடந்துகொண்டார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவைப் பற்றி ஓயாத தகராறு இருந்தது என்று கோஃப்மன் எழுதுகிறார். தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய்வர வசதி என்பதாலும், விருந்தினரின் போக்குகளைப் பார்த்துப் பழகும் ஆவலாலும், பணிப்பெண்களுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். அடுக்களைப் பழக்கம் விருந்தினர் கண்ணில் பட்டால் மதிப்புக் குறையும் என்பதால், நடத்துபவர்களுக்கு அது சாத்தியிருக்க வேண்டும்.

கோஃப்மனை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் மேடை, மேடைக்குப் பின்புறம் என்ற அவருடைய உருவகத்தோடு நின்றுவிடுகிறார்கள். அந்தக் கதவுத் தகராறுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டு நடத்தைகளும் உண்மையானவை. இரண்டும் வாழ்வுக்குத் தேவைப்பட்டன. அவர்களுக்குள் சண்டை மூண்டது எது மெய், எது பொய் என்பதற்காக இல்லை. கதவை யார் ஆள்வது என்பதற்காகவே சண்டை போட்டார்கள்.

சமூக ஊடகத்தில் அந்தக் கதவு கழன்று விழுந்தது. அதற்கு முன்பே, 1985இல், தொலைக்காட்சி வெவ்வேறு சபைகளை ஒரே கூடத்தில் கலந்துவிட்டது என்று ஊடக ஆய்வாளர் ஜோஷுவா மெய்ரோவிட்ஸ் எழுதியிருந்தார். முகநூல் காலத்தில் அலிஸ் மார்விக், டானா பாய்ட் முதலியோர் இதைச் சூழல்களின் சரிவு என்று பெயரிட்டு ஆராய்ந்தார்கள். அம்மா, மேலாளர், பள்ளித் தோழர், பழைய காதலர் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே பதிவைப் படிக்கிறார்கள் என்பது அதன் சாரம்.

டானா பாய்ட் தம் நூலில் சொல்லும் ஒரு நிகழ்ச்சி இந்தச் சரிவின் விலையைக் காட்டும். மைஸ்பேஸ் என்ற சமூக ஊடகத் தளம் செல்வாக்காக இருந்த காலம். அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து மாணவர் சேர்க்கை அலுவலர் அவரைத் தொலைபேசியில் அழைக்கிறார். லாஸ் ஏஞ்சலிஸின் தெற்குப் பகுதியில் வளர்ந்த ஒரு கறுப்பின இளைஞர் விண்ணப்பித்திருக்கிறார். அடிதடிக் கும்பல்கள் ஆளும் அந்தத் தெருவை விட்டு வெளியேறிப் படிக்க விரும்புவதாக விண்ணப்பக் கட்டுரையில் உருக்கமாக எழுதியிருக்கிறார். அவருடைய மைஸ்பேஸ் பக்கத்திலோ அதே கும்பல்களின் அடையாளங்கள். அவர் ஏன் நம்மிடம் பொய் சொல்கிறார் என்று அலுவலருக்குக் குழப்பம். அந்தப் பக்கம் உங்களுக்காக வைத்ததாக இருக்காது. அந்தத் தெருவில் அடிபடாமல் நடமாட அவருக்கு அது தேவைப்பட்டிருக்கலாம் என்று பாய்ட் விளக்கினார். அந்த இளைஞர் அலுவலரிடமும் உண்மை பேசினார், தெருவிலும் பிழைத்துக்கிடந்தார். தமக்கென்று வைக்கப்படாத பக்கத்தைத் திறந்து படித்த பிறகு, அது தமக்கே எழுதப்பட்டதுபோல் அலுவலர் தீர்ப்புச் சொல்லப் பார்த்ததுதான் தவறு.

இந்தத் தீர்ப்பு மனநிலை தளங்களை வடிவமைத்தவர்களிடமும் இருந்தது. ஒருவர் தமக்கு இரண்டு அடையாளங்கள் வைத்துக்கொள்வது நேர்மைக் குறைவு என்று மார்க் சக்கர்பெர்க் சொன்னதை, முகநூலின் வரலாற்றை எழுதிய டேவிட் கிர்க்பாட்ரிக் 2010இல் வெளிவந்த நூலில் பதிவுசெய்திருக்கிறார். எல்லா இடத்திலும் ஒரே முகத்தோடு உலவ முடிவது ஒரு பெரிய சலுகை என்பதை அந்தக் கருத்து கண்டுகொள்ளவில்லை. ஹார்வர்டில் படித்த, வசதியான, வெள்ளையின இளைஞர் ஒருவருக்கு வீட்டிலும் அலுவலகத்திலும் தெருவிலும் ஒரே முகம் போதும். 2014இல் சான் பிரான்சிஸ்கோவில் பெண் வேடமிட்டு மேடையேறும் கலைஞர்கள் பலருடைய முகநூல் கணக்குகள், உண்மைப் பெயரில் இல்லை என்ற காரணத்தால் முடக்கப்பட்டன. நண்பர்கள் எல்லாரும் அறிந்த பெயர் மேடைப் பெயர்தான். சட்டப் பெயரைச் சொன்னால் வன்முறைக்கு ஆளாகக்கூடியவர்களும் அவர்களில் உண்டு. எதிர்ப்புக்குப் பிறகு அதே ஆண்டு அக்டோபரில் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஒற்றை அடையாளம் என்ற கொள்கையால் முதலில் அடிபட்டவர்கள் யார் என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் அமெரிக்க அனுபவம். உலகம் முழுவதும் இப்படித்தானா என்ற கேள்விக்கு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் மானிடவியலாளர்கள் விடை தேடினார்கள். டேனியல் மில்லர் தலைமையில் ஒன்பது பேர், பிரேசில், சிலி, சீனாவில் இரண்டு இடங்கள், இங்கிலாந்து, இந்தியா, இத்தாலி, டிரினிடாட், துருக்கி என ஒன்பது ஊர்களில், ஆளுக்கு 15 மாதம் தங்கி, மக்கள் ஏன் பதிவிடுகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். 2016இலிருந்து வெளிவந்த அந்த நூல்கள் இலவசமாகத் தரவிறக்கக் கிடைக்கின்றன. இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்கள் அவற்றில் ஒன்றையாவது முழுமையாகப் படிக்க வேண்டும். அவற்றின் அடிப்படைச் செய்தியை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்: தளம் மனிதர்களை மாற்றியதைவிட, மனிதர்கள்தான் தளத்தைத் தத்தம் ஊருக்கு ஏற்ப அதிகம் மாற்றியிருக்கிறார்கள்.

குழந்தை பெற்ற பெண்களை எடுத்துக்கொள்வோம். மில்லர் ஆராய்ந்த ஆங்கிலேய ஊரில், குழந்தை பிறந்ததும் தாயின் முகநூல் படம் மறைந்து குழந்தையின் படம் வந்து உட்காரும். தாய் என்ற நிலைக்குள் அவர் ஒதுங்கிக்கொள்கிறார். ஜொலைனா சினானனும் மில்லரும் பார்த்த டிரினிடாட் ஊரிலோ, தாய் முன்பைப் போலவே நன்றாக உடுத்தி, ஒப்பனை செய்து, தம் படத்தைத் தொடர்ந்து போடுகிறார். தாயாகிவிட்டதால் தாம் என்ற ஆள் போய்விடவில்லை என்பதை அவர் காட்டுகிறார். கார்னிவல் திருவிழாவைத் தங்கள் வாழ்வின் மையமாகக் கொண்ட அந்தச் சமூகத்தில் இன்னொரு நம்பிக்கையும் உண்டு. ஒருவர் முயன்று வெளியே உருவாக்கிக் காட்டும் தோற்றமே அவருடைய உண்மை. உள்ளே ஒளித்துவைத்திருப்பதில்தான் கள்ளம் இருக்க முடியும். அகத்துக்குள் இருப்பதுதான் மெய் என்று பழகிய நமக்கு இது தலைகீழாகப் படும். உட்கார்ந்து யோசித்தால், பிறந்த சாதியையும் பிறந்த வீட்டையும் ஒருவர் தேர்ந்தெடுப்பதில்லை, தாம் முயன்று ஆக்கிக்கொண்டதே தாம் என்ற அந்த நம்பிக்கையில் ஒரு விடுதலை இருப்பது தெரியும்.

வடக்குச் சிலியில் இக்கிக்கே துறைமுகத்துக்கு மேலே ஆல்டோ ஒஸ்பிசியோ என்று ஓர் ஊர். செம்புச் சுரங்கங்களில் உழைப்போர் பலர் வாழும் ஊர். கையில் காசு இருந்தாலும் அதைக் காட்டிக்கொள்வது அங்கே பண்பாகக் கருதப்படுவதில்லை. மில்லர் குழுவின் நெல் ஹெய்ன்ஸ் அங்கே அடிக்கடி பார்த்த படம், வேலை முடிந்து வந்து தொலைக்காட்சிக்கு முன்னால் நீட்டிய கால்களின் படம். தாமும் மற்றவர்களைப் போன்றவர்தான் என்று ஊருக்குச் சொல்வதற்காகவே ஒருவர் படம் எடுத்துப் போடுகிறார். செல்ஃபி என்றாலே தற்பெருமை என்று நினைப்பவர்கள் இந்தக் கால்களைப் பார்க்க வேண்டும்.

துருக்கியின் தென்கிழக்கில், சிரிய எல்லைக்கு அருகே உள்ள மார்டின் நகரத்தில் அதே குழுவின் எலிசபெட்டா கோஸ்டா கண்டது என் வாதத்துக்கு மிக நெருக்கமானது. குர்தியரும் அரேபியரும் வாழும் அந்த நகரத்தில் குடும்ப மானம் பெரிய விஷயம். வெளியே தெரியும் முகநூல் பக்கத்தில் விருந்துகள், உறவினர், பரிமாறிய உணவு என எல்லாம் ஒழுங்கு. அதே நபருக்கு வேறு பெயரில் இன்னொரு கணக்கு இருக்கும். தனிச் செய்திகளில் காதல் வளரும். சூழல்கள் தாமாகவே சரிந்துவிடும் என்பது தொழில்நுட்பத்தின் விதி அல்ல, அமெரிக்கர்கள் அதைப் பயன்படுத்திய முறையின் விளைவு என்று கோஸ்டா 2018இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டார். மார்டின் மக்களின் முகநூலும் அமெரிக்கர்களின் முகநூலும் ஒரே நிரல்தான். கழன்று விழுந்த கதவை இவர்கள் தங்கள் கையாலேயே திரும்ப மாட்டிக்கொண்டார்கள்.

குழுவின் இன்னொருவரான ஷின்யுவான் வாங் சீனாவின் தொழில் நகரம் ஒன்றில், கிராமங்களிலிருந்து வந்து ஆலைகளில் உழைக்கும் இளைஞர்களோடு தங்கினார். நகரத்தில் அவர்களுக்குக் குடியிருப்புப் பதிவு இல்லை. ஊரில் வேலை இல்லை. ஆலை, தங்குமிடம், மீண்டும் ஆலை. கியூகியூ என்ற சமூக ஊடகத் தளத்தில் அவர்கள் தாங்கள் ஆக விரும்பிய நவீன மனிதர்களாக வாழ்ந்தார்கள். புனைபெயரில், அலங்கரித்த பக்கங்களில், முன்பின் பார்த்திராத நண்பர்களோடு. உறவுக்காரரிடம் கடன் உண்டு, கடமை உண்டு, மேல்கீழ் உண்டு. யார் என்றே தெரியாத நண்பரிடம் அவை எதுவும் இல்லை. ஆகவே அந்த நட்பே தூயது என்று அவர்கள் எண்ணினார்கள். அந்த வாழ்க்கையைப் போலி என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? பன்னிரண்டு மணி நேரம் இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும் ஓர் இளைஞருக்குத் தாம் யார் என்று சொல்லிக்கொள்ளக் கிடைத்த ஒரே இடம் அது.

கிழக்காசியாவில் தளங்களை அமைத்தவர்கள் சிலர் இந்தத் தேவையை ஓரளவு மதித்திருக்கிறார்கள். சீனாவின் வீசாட்டில் ஒருவர் போடும் பதிவுக்கு வரும் பின்னூட்டம், இருவருக்கும் பொதுவான நண்பர்களுக்கு மட்டுமே தெரியும். தென்கொரியாவின் காகாவ்டாக் செயலி 2021இல், ஒரே கணக்கில் அலுவலகத்தாருக்கு ஒரு படமும் நண்பர்களுக்கு வேறொரு படமும் காட்டும் வசதியைத் தந்தது. அதே கொரியாவில் பெரிய தளங்களில் உண்மைப் பெயரைக் கட்டாயமாக்கி 2007இல் வந்த சட்டத்தை, 2012இல் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்று நீக்கியது. ஜப்பான் அரசு 2014இல் வெளியிட்ட தகவல் தொடர்பு வெள்ளை அறிக்கையின்படி, அங்கே ட்விட்டர் பயன்படுத்தியவர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெயரை மறைத்தே எழுதினார்கள். அமெரிக்காவில் மூன்றில் ஒரு பங்கினர் அளவுக்குத்தான் அப்படி.

இனி நம் ஊர். மில்லர் குழுவின் இந்தியக் களம் சென்னையின் புறநகரில், ஐடி வளாகங்கள் எழும்பிய கிராமப் பகுதி. ஸ்ரீராம் வெங்கட்ராமன் அதற்குப் பஞ்சகிராமி என்று புனைபெயர் இட்டு 2017இல் நூல் எழுதினார். தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தவர்களும், வேலைக்காகக் குடியேறிய ஐடி ஊழியர்களும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொண்டார்கள். சாதியும் வர்க்கமும் நட்புப் பட்டியலிலும் அப்படியே தொடர்ந்தன. பக்கத்து அடுக்ககத்தில் வசிப்பவருக்குக் கிராமத்து இளைஞர் அனுப்பிய நட்பு அழைப்பு பெரும்பாலும் ஏற்கப்படாமலே கிடந்தது. முகநூலில் குடும்பம் ஒற்றுமையின் வடிவமாகக் காட்சியளித்தது. அண்ணனோ தம்பியோ தங்கையின் பக்கத்தைக் கண்காணித்தார்கள். இளம்பெண்கள் தம் முகத்துக்குப் பதில் குழந்தை, பூ, கடவுள் படம் வைத்தார்கள். வெளியாரோடு பேச நேர்ந்தால் அண்ணா, அக்கா என்று உறவுமுறை போட்டு அந்தப் பேச்சைக் கௌரவமாக்கிக்கொண்டார்கள்.

இந்தப் பூப் படங்களை ஒரு சமூக ஆவணமாகவே நான் பார்க்கிறேன். படம் வெட்டி ஒட்டப்பட்டு வேறெங்கோ போய்விடுமோ என்ற பயம், ஒரு படத்தால் கல்லூரிப் படிப்பே நிறுத்தப்படலாம் என்ற பயம், வேற்றுச் சாதி இளைஞர் ஒருவரின் லைக் வீட்டில் என்ன கேள்வியைக் கிளப்பும் என்ற பயம், எல்லாம் அந்தப் பூவுக்குப் பின்னால் இருக்கின்றன. ஃபேக் ஐடி என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பெண்களுக்குத் தொல்லை தரவே போலிக் கணக்கு வைத்திருக்கும் ஆண்கள் இருக்கிறார்கள். அவர்கள் மீது நடவடிக்கை வேண்டும். ஆனால் உலகத்தைத் தொல்லையின்றிப் பார்ப்பதற்காகவே ஆண் பெயரில் கணக்கு வைத்திருக்கும் பெண்களும் இருக்கிறார்கள். இருவரையும் ஒரே சொல்லால் அழைப்பது அநீதி. ஈழத்துக் குடும்பங்களில் இந்தக் கண்காணிப்பு கண்டங்களைத் தாண்டுகிறது. டொராண்டோவில் வளரும் பெண்ணின் பிறந்தநாள் படம் அதே நிமிடம் யாழ்ப்பாணத்துப் பெரியம்மாவின் கைப்பேசியில் திறக்கிறது. அந்தப் பெண் இரண்டு நாட்டு ஒழுக்க விதிகளுக்கும் ஒரே படத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அறிந்தவர் பார்வையிலிருந்து தப்பி அறியாதவர் முன் நிற்கும் சுதந்திரத்தை நம் உழைக்கும் மக்களுக்குப் பெரிய அளவில் தந்தது டிக்டாக். முகநூலில் உங்கள் பதிவை உங்களைத் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். டிக்டாக்கின் வழி வேறு. யாரும் பின்தொடராத ஒருவருடைய காணொளியையும் அது முதலில் ஒரு சிறு கூட்டத்துக்குக் காட்டும். அவர்கள் ரசித்தால் இன்னும் பெரிய கூட்டத்துக்குக் கொண்டுபோகும். சித்தாள், தையல்காரர், டீக்கடைப் பையன், வயல்வேலை செய்யும் தம்பதி, திருநங்கையர் எல்லாரும் அதில் பாடி, ஆடி, வசனம் பேசினார்கள். படித்த வட்டாரம் முகம் சுளித்தது. 2019 ஏப்ரல் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அந்தச் செயலியின் தரவிறக்கத்தைத் தடைசெய்யச் சொல்லி, அதே மாத இறுதியில் தடையை நீக்கியது. சீன எல்லைப் பதற்றத்தை ஒட்டி 2020 ஜூன் 29 அன்று ஒன்றிய அரசு தடைசெய்த 59 செயலிகளில் டிக்டாக்கும் ஒன்று. ஏறத்தாழ 20 கோடி இந்தியர் அதைப் பயன்படுத்தியதாகச் சொல்லப்பட்டது. தேசப் பாதுகாப்பு பற்றிய வாதத்துக்குள் நான் போகவில்லை. அந்தக் கலைஞர்களில் பலர் இன்ஸ்டாகிராம் ரீல்ஸுக்கு வந்தபோது, அது ஏற்கெனவே ஆங்கிலம் தெரிந்த நடுத்தர வர்க்கம் குடியிருந்த வீடு. டிக்டாக்கில் கைதட்டு வாங்கிய அதே நடனம், அதே ஒப்பனை, இங்கே கிரிஞ்ச் என்று கேலிக்குள்ளானது. ஆடியவர் மாறவில்லை, பார்த்தவர் மாறினார். அழகும் நாகரிகமும் எது என்று தீர்ப்பெழுதும் அதிகாரம் பழைய கைகளுக்கே திரும்பிப் போனதில் எனக்கு ஆழ்ந்த வருத்தம் உண்டு.

இந்த இடத்தில் என் வாதத்துக்கு எதிராக எழும் மிக வலுவான கேள்வியைச் சந்திக்க வேண்டும். பல முகங்கள் வைத்துக்கொள்வது உரிமை என்றால், சாதி வெறியருக்கும் அந்த உரிமை உண்டா? அலுவலகத்தில் எல்லாரோடும் சமமாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர், சாதிக்காரர்கள் மட்டும் உள்ள வாட்ஸ்அப் குழுவில் காதல் மணம் செய்துகொண்ட பெண்ணைக் கொல்லத் தூண்டி எழுதுகிறார். குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் தெரியாதபடி மறைத்துவிட்டு, சாதிப் பெருமைப் பாட்டை ஸ்டேட்டஸில் வைக்கிறார். தென்மாவட்டப் பள்ளிகளில் மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்ய வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது. அதே வண்ணங்கள் ரீல்ஸில் இதயக் குறிகளாக ஓடுகின்றன. மறைவிடம் என்பது எப்போதும் நல்லவர்களுக்கு மட்டும் பயன்படுவதில்லை. நம் பழைய வீடுகளில் திண்ணை, கூடம், அடுக்களை என்ற பிரிவுகளே யார் எதுவரை வரலாம் என்ற சாதிக் கணக்கில் கட்டப்பட்டவைதானே. சுவர்கள் எல்லாம் புனிதமானவை என்று நான் சொல்ல வரவில்லை.

ஒரு சுவரைப் பார்த்ததும் நான் கேட்கும் கேள்வி, அதற்குப் பின்னால் யார் நிற்கிறார், யாரிடமிருந்து தப்பி நிற்கிறார் என்பது. தம்மை அடிக்கக்கூடியவர்களிடமிருந்து மறைந்து நிற்பவரின் சுவரும், அடிப்பதற்குத் திட்டம் போடுபவரின் சுவரும் ஒன்றாகாது. முன்னவரின் கதவைத் தட்ட யாருக்கும் உரிமையில்லை. பின்னவரின் விஷயத்தில் குற்றத்தைத் தூண்டும் பேச்சுக்கு ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. காவல்துறை அதைப் பயன்படுத்த வேண்டும். அவரைப் பிடிப்பதற்காக எல்லார் வீட்டுக் கதவையும் கழற்றினால், அவர் வேறு குழுவுக்குப் போய்விடுவார்; பூப் படத்துக்குப் பின்னால் நின்ற பெண்தான் தெருவில் நிற்பார்.

கதவுகளைக் கழற்றும் வேலையோ மும்முரமாகவே நடக்கிறது. இணையக் குற்றங்களைத் தடுக்கச் சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்க வேண்டும் என்ற கோரிக்கை 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2019இல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனபோது தமிழ்நாடு அரசின் தரப்பில் இணைப்புக்கு ஆதரவாக வாதிடப்பட்டது. இணைப்பு நடக்கவில்லை, நடந்திருந்தால் பெயரில்லாமல் எழுதிவந்த ஒவ்வொரு பெண்ணும் அன்றே எழுதுவதை நிறுத்தியிருப்பார். அமெரிக்க விசா விண்ணப்பத்தில் 2019 மே முதல், ஐந்தாண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களைக் கேட்கிறார்கள். 2025 ஜூனிலிருந்து, அங்கே படிக்கப் போகும் மாணவர்கள் தம் கணக்குகளைப் பூட்டாமல் எல்லாரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும் என்ற அறிவிப்பும் வந்தது. தோழிகளுக்காக எழுதியதை இனி தூதரக அதிகாரியும் படிப்பார். அவருக்காகத் திறந்த கணக்கு அத்தைக்கும் திறந்திருக்கும், பின்தொடர்ந்து தொல்லை தரும் பழைய வகுப்புத் தோழனுக்கும் திறந்திருக்கும். அதிகாரிக்கு மட்டும் திறக்கும் கதவு என்று ஒன்று அங்கே கிடையாது.

அரசுகளைக் குறை சொல்லும்போது நம் வீட்டையும் சொல்ல வேண்டும். வரன் பேசத் தொடங்கியதும் பெண்ணின் இன்ஸ்டாகிராமைத் தேடி, பழைய படங்கள் வரை கீழே போய்ப் பார்ப்பது இன்று வழக்கமாகிவிட்டது. பையனின் ரீல்ஸைத் தேடுவோரும் உண்டு. ஆனால் ஒரு படத்தைக் காட்டிச் சம்பந்தம் முறிவது பெரும்பாலும் பெண்ணுக்குத்தான். கல்லூரி நிர்வாகங்கள் சில, மாணவியர் எந்தக் கணக்கில் என்ன போடுகிறார்கள் என்று பார்க்க ஆள் வைத்திருக்கின்றன. வேலைக்கு ஆள் எடுப்போர் விண்ணப்பத்தோடு பெயரையும் தேடிப் பார்க்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் இளைஞரின் பக்கத்தைத் திறந்த அந்த அலுவலருக்காவது, பாய்டைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கத் தோன்றியது.

இறுதியாக, இந்தத் துறையின் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு சொல். நாமும் பிறர் பக்கங்களைத் திறந்து பார்ப்பவர்கள்தான். வெங்கட்ராமன் தம் களத்துக்கு இட்ட பெயரில் ஊரே கிடையாது. குழுவில் வேறு பலரும் தங்கள் ஊர்ப் பெயர்களை மாற்றியே எழுதினார்கள். ஆய்வு தொடங்கும் முன் இரண்டு விஷயங்களை நாம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஒருவர் தம் நண்பர்களுக்கு மட்டும் வைத்த பதிவை, நாம் அந்தப் பட்டியலில் இருக்கிறோம் என்ற ஒரே காரணத்தால் ஆய்வேட்டில் எடுத்தாளக் கூடாது. எழுதியவரிடம் கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் எடுக்க வேண்டும். பொதுவில் உள்ள பதிவாக இருந்தாலும் அதன் வாசகத்தை அப்படியே அச்சிட்டால் தேடுபொறியில் ஆள் அகப்பட்டுவிடுவார்; ஆகவே ஸ்கிரீன்ஷாட் போடாமல், பொருள் கெடாமல் மாற்றி எழுத வேண்டும். இவ்விரண்டையும் இந்தத் துறையின் ஆய்வு நெறிமுறைகளில் வரும் கல்வியாண்டிலேயே சேர்த்துவிட வேண்டும் என்று துறைத்தலைவரை இந்த அவையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.